கரிசலுக்கான பல்கலைக்கழகம்: ஆட்சி, ஆசிரியர், கட்டடம் என்னும் வரிசை

1. சிக்கல்

கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடையே ரயில் தடத்தை ஒட்டி இருக்கிறது கடம்பூர். அதன் நான்கு திசையிலும் கரிசல் பரந்து கிடக்கிறது. வடக்கே சாத்தூர், அருப்புக்கோட்டை, மேற்கே சங்கரன்கோவில், கிழக்கே விளாத்திகுளம் கடந்து கமுதி. மண் ஒன்று. வடகிழக்குப் பருவமழையை நம்பிய வெள்ளாமை ஒன்று. பேச்சு வழக்கும் பெரும்பாலும் ஒன்று. உயர்கல்வி நிர்வாகத்தில் மட்டும் இந்த நிலம் துண்டு துண்டாக இருக்கிறது. கடம்பூரும் கோவில்பட்டியும் சங்கரன்கோவிலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. சாத்தூரும் அருப்புக்கோட்டையும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. கமுதி அழகப்பா பல்கலைக்கழகத்தின் எல்லையில் இருக்கிறது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கோயம்புத்தூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழும், பொறியியல் கல்லூரிகள் சென்னையின் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழும் இயங்குகின்றன.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். 2018இல் அமெரிக்கப் படைப்புழு கரிசல் காட்டு மக்காச்சோளத்தை அழித்தது. புழுவின் உயிரியல் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பொருள். கம்பும் சோளமும் விதைத்த நிலம் மக்காச்சோளத்துக்கு மாறியதன் பொருளாதாரம் இன்னொன்றின் பொருள். கடன்பட்ட குடும்பங்களின் நிலை மூன்றாவது ஒன்றின் சமூகவியல் துறைக்கு உரியது. இவற்றை ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்ளும் பொறுப்பு எந்த ஆட்சிக்குழுவுக்கும் இல்லை.

இந்நிலையில் வழக்கமாக எழும் கோரிக்கை, எங்கள் பகுதிக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும், அதற்கு ஒரு கட்டடம் வேண்டும் என்பது. கோரிக்கையின் நியாயத்தை இக்கட்டுரை ஏற்கிறது. அதன் வரிசையை மறுக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் முதலில், நிரந்தர ஆசிரியர் அடுத்து, கட்டடம் கடைசியில் என்பதே நிலைத்த நிறுவனங்கள் வளர்ந்த முறை. இந்த வரிசை தலைகீழானால் அடிக்கல் மட்டுமே மிஞ்சும்.

2. ஆட்சி: யார் முடிவெடுப்பது?

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பித்தலையும் ஆய்வையும் பல்கலைக்கழகமே மேற்கொள்ள 1904ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1917 முதல் 1919 வரை செயல்பட்ட சாட்லர் குழு, கற்பித்தலை மையமாகக் கொண்ட உறைவிடப் பல்கலைக்கழகத்தை வலியுறுத்தியது. அத்தகைய பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் 1929இல் அண்ணாமலை நகரில் அமைந்தது. 1990இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இவ்விரு மரபுகளையும் ஒருங்கே சுமக்கிறது. அபிஷேகப்பட்டி வளாகத்தில் அதன் ஆய்வுத் துறைகள் இருக்கின்றன. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகளின் தேர்வுச் சுமையும் அதன் தோளில்தான்.

இந்த இரட்டைப் பொறுப்பு நிர்வாகத்தின் கவனத்தை ஒரே பக்கம் இழுக்கிறது. இணைவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் தொலைநிலைக் கல்வி வருவாயும் மாநிலப் பல்கலைக்கழகங்களின் முக்கிய வரவுகள். தேர்வு முடிவு தாமதமானால் மறுநாளே கேள்வி எழும். ஓர் ஆய்வுத் துறை பத்தாண்டுகள் தேங்கிக் கிடந்தால் கேட்பார் இல்லை. ஓய்வூதியச் சுமையும் சேரும்போது நிலைமை முற்றிவிடுகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் மாதச் சம்பளம் வழங்கவே திணறியதை அண்மையில் கண்டோம். சம்பளத்துக்கு வழி தேடும் நிர்வாகத்தால் வறட்சி பற்றிப் பத்தாண்டு ஆய்வுத் திட்டம் தீட்ட முடியாது.

துணைவேந்தர் நியமனத்தைப் பற்றிய வழக்கும் இதே காலத்தில் நீண்டது. நியமன அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காத நிலையில் 2023 நவம்பரில் பத்து மசோதாக்களை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விகளுக்கு நவம்பர் 20 அன்று விடையளித்த அரசியல் சாசன அமர்வு, ஒப்புதல் கிடைத்ததாக நீதிமன்றம் கருத முடியாது என்று கருத்துரைத்தது. இதற்கிடையே 2023 ஆகஸ்டில் காலியான சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி நிரப்பப்படவில்லை. ஒருங்கிணைப்புக் குழுவே அதை நடத்தி வந்தது.

மாநிலச் சட்டமன்றம் உருவாக்கிய பல்கலைக்கழகத்துக்கு அந்த மாநில மக்களுக்குப் பதில் சொல்லும் அரசே பொறுப்பேற்பது முறை என்பது என் கருத்து. ஆயினும் அந்த வழக்கில் யார் வென்றாலும் கரிசலின் குறை தீராது. துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்றாண்டு. மானாவாரி நிலத்தில் நல்ல மழையும் பொய்த்த மழையும் மாறிமாறி வரும் ஒரு சுற்றைக் கண்டறியவே அதைவிடக் கூடுதலான ஆண்டுகள் வேண்டும். ஆட்சிக்குழுவில் அரசுச் செயலர்களுக்குப் பதவி வழி இடம் உண்டு. அந்த நிலத்தில் பாடுபடும் சம்சாரிக்கோ தீப்பெட்டித் தொழிலாளிக்கோ உறுதியான இடம் இல்லை. ஆகவே நியமிப்பது யார் என்ற கேள்வியோடு, ஒரு துணைவேந்தர் போனபின்னும் தொடர வேண்டிய பணியைக் காப்பது எது என்ற கேள்வியையும் எழுப்ப வேண்டும்.

3. ஆசிரியர்: நீண்ட பணிக்கு நிலையான ஆள்

நீண்ட பணியை ஒரு பல்கலைக்கழகம் காத்ததற்குச் சான்று தமிழ்ப் பேரகராதி. 1913இல் சாண்ட்லர் தலைமையில் தொடங்கிய வேலை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1926இல் பொறுப்பேற்ற நெல்லைச் சீமைக்காரர் ச. வையாபுரிப் பிள்ளை அதை முடித்து வைத்தார். பதிப்பாசிரியர் மாறியும் வேலை நிற்கவில்லை. பணியிடமும் நிதியும் அந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன.

கரிசலின் சொல்லகராதி உருவான வரலாறு இதற்கு நேர்மாறானது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் விவசாயியாக வாழ்ந்த கி. ராஜநாராயணன், எந்தப் பல்கலைக்கழகத்தின் பணியிலும் இல்லாமல் அதைத் தொகுத்தார். அன்றைய துணைவேந்தர் கி. வேங்கடசுப்பிரமணியன், பள்ளிப் படிப்பையே முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டார். நாட்டார் கதைத் தொகுப்புப் பணி அங்கே ஊக்கம் பெற்றது. கரிசலின் பெரும் அறிஞருக்குக் கரிசலிலேயே ஒரு நாற்காலி இருந்திருக்க வேண்டும். அது புதுச்சேரியில் கிடைத்தது நமக்குப் பெருமையாகவும் குறையாகவும் இருக்கிறது. இன்று அத்தகையோரை அழைப்பதற்குத் தனிமனிதரின் துணிவு மட்டுமே தேவை என்ற நிலை இல்லை. 15 ஆண்டு அனுபவமுள்ள துறை வல்லுநர்களை, முறையான கல்வித் தகுதியைக் கட்டாயமாக்காமல், ஒப்பளிக்கப்பட்ட இடங்களில் 10 விழுக்காடு வரை அமர்த்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இடம் தருகிறது. மழைக்குறி அறிந்த விவசாயியையும் நாட்டு ரக விதை காக்கும் பெண்ணையும் இதன் வழியே வகுப்பறைக்கு அழைத்து வரலாம்.

இந்த ஏற்பாட்டால் பயன் விளைய நிரந்தர ஆசிரியர்கள் இருந்தாக வேண்டும். ஒப்பந்த ஆசிரியர் எண்ணிக்கை மொத்த இடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி. தமிழ்நாட்டின் அரசுக் கலைக் கல்லூரிகளோ ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே வகுப்புகளை நடத்துகின்றன. கௌரவ விரிவுரையாளருக்குப் பாடவேளைக்கு 1500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று 2019இல் மானியக் குழு வகுத்ததும் பல இடங்களில் எட்டாத தொகையாகவே இருந்து வருகிறது. அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் பத்தாண்டுக் கள ஆய்வைக் கேட்பது அறம் ஆகாது.

பணியிடங்களைக் கணக்கின்றிப் பெருக்குவதும் தீர்வாகாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஊழியர் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டி, நிதி நெருக்கடி முற்றி, 2013இல் மாநில அரசு தனிச் சட்டத்தின் மூலம் அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. மிகுதியான ஊழியர்கள் பிற அரசு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டனர். ஓரிடத்தில் மிகுதியும் இன்னோரிடத்தில் காலியும் ஏற்படக் காரணம் ஒன்றே: எந்த வேலைக்கு எத்தனை பேர் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யும் கல்விசார் ஆட்சி இல்லாமை.

4. கட்டடம்: மண்ணை அறிந்து கட்டுதல்

கட்டடத்தைக் கடைசியில் வைப்பது அதை இழிவாகக் கருதுவது ஆகாது. கரிசலில் கட்டுவதற்குத் தனி அறிவு வேண்டும். மழையில் ஊறி உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் மண் இது. சாதாரண மேலோட்டமான கடைக்கால் போட்டால் சில ஆண்டுகளிலேயே சுவர் விரிசல் விடும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண் அடித்தளத்தை வளர்த்தெடுத்தது. ஈரம் ஏறி இறங்கும் மேலடுக்கைக் கடந்து ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழம் அது இறங்கும். குமிழின் விட்டம் பொதுவாகத் தூணின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு.

தண்ணீரும் அப்படியே. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் பகுதியில் 1000 சதுர மீட்டர் கூரைமீது ஓராண்டில் ஏறக்குறைய 7 லட்சம் லிட்டர் நீர் விழும். அதைச் சேமிக்கும் தொட்டி வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். பெண்களுக்கான விடுதியை முதல் கட்டடமாகக் கொள்ள வேண்டும். கடைசிப் பேருந்தின் நேரம்தான் பல வீடுகளில் மகளின் படிப்பை முடிவுசெய்கிறது. பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு இல்லாமல் எந்தக் கட்டடத்தையும் தொடங்கக் கூடாது.

வரிசை சரியாக அமைந்தால் என்ன நிகழும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. கரிசலில் மானாவாரியாக எது நன்றாக விளையும் என்பதே அதன் தொடக்கக் கேள்வி. பருத்தியிலும் சோளத்திலும் அது வெளியிட்ட ரகங்கள் கோவில்பட்டியைக் குறிக்கும் ‘கே’ எழுத்தோடு சம்சாரிகளிடம் சென்றன. அரசுத் துறையின் கீழ் இருந்த அந்நிலையம் 1971இல் தோன்றிய வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. ஆளும் அமைப்பு மாறியும் அதன் வேலை அறுபடவில்லை. அதைக் காத்தது தெளிவான கேள்வியும் அதற்கென அமர்த்தப்பட்ட ஆட்களும்தான்.

5. முன்மொழிவும் மறுப்புகளும்

கரிசலுக்கு இன்னொரு தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் தேவையில்லை என்பதே இதுவரை கூறியவற்றின் முடிவு. மனோன்மணியம் சுந்தரனார், மதுரை காமராசர், அழகப்பா, வேளாண் பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் சட்டப்படி பங்கேற்கும் ஒரு கூட்டுக் கரிசல் ஆய்வு மையம் வேண்டும். ரயில் வசதியும் கரிசலின் நடுவில் இருப்பும் கருதினால் கடம்பூர் வட்டாரம் அதற்குப் பொருத்தமானது. மையத்துக்குத் தனி ஆட்சிக்குழு இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு விவசாயிகள், தொழிலாளர்கள், உள்ளூர் கல்லூரி ஆசிரியர்களுக்கு உரியதாக வேண்டும். இயக்குநரின் பதவிக்காலத்தைத் துணைவேந்தரின் காலத்தோடு பிணைக்கக் கூடாது. மண்ணும் நீரும், வேளாண் பொருளாதாரம், உழைப்பும் தொழிலும், மொழியும் வழக்காறும், ஜமீன் ஆவணங்கள் என ஐந்து பிரிவுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் நிரந்தரப் பணியிடங்களை முதல் ஆண்டிலேயே ஒப்பளிக்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் மையம் கோவில்பட்டிக் கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் இயங்கலாம். எத்தகைய கட்டடம் வேண்டும் என்பதை அந்த அனுபவம் சொல்லும்.

நிதி எங்கே என்பது முதல் மறுப்பு. நான்கு இடங்களில் சிதறிச் செலவாகும் ஆய்வு நிதியின் ஒரு பகுதியும், பல்கலைக்கழகங்களின் ஓய்வூதியச் சுமையை மாநில அரசு ஏற்றால் விடுபடும் தொகையும் இதற்கு உதவும். அந்தச் சுமையை அரசு ஏற்காதவரை எந்தச் சீர்திருத்தமும் காகிதத்திலேயே நிற்கும். சிற்றூர்ப் பக்கம் நல்ல ஆசிரியர்கள் வரமாட்டார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. நூறாண்டுகளுக்கும் மேலாகக் கோவில்பட்டிக்கு அறிவியலாளர்கள் வந்து பணியாற்றுவதே அதற்கு விடை. வட்டார ஆய்வு அறிவின் எல்லையைக் குறுக்கும் என்பது மூன்றாவது. மழை குறைந்த நிலத்தில் மனிதர் எப்படிப் பிழைப்பது என்ற கேள்வி தக்காணத்துக்கும் ஆப்பிரிக்காவின் சாகேலுக்கும் பொதுவானது. வெப்பம் கூடிவரும் இக்காலத்தில் அதற்குக் கரிசல் தரும் விடை உலகுக்கே தேவைப்படும்.

ஆகவே இப்பகுதியின் சட்டமன்ற உறுப்பினர்களும் கல்லூரி ஆசிரியர் அமைப்புகளும் அரசிடம் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: மையத்துக்கு அதிகாரம் தரும் சட்டமும், அதன் ஆசிரியப் பணியிடங்களை ஒப்பளிக்கும் அரசாணையும். இவ்விரண்டும் கைக்கு வந்தபின் நிலத்தையும் கட்டட நிதியையும் கேட்கலாம். அவை வராமல் அடிக்கல் மட்டும் நாட்ட ஒருவர் முன்வந்தால், வேண்டாம் என்று சொல்லும் உறுதி நமக்கு வேண்டும்.