புலி வேட்டையும் சிங்கப்பூர் ஊர்ப்பெயர்களும்

செம்பவாங் என்பது மலாய் மொழியில் ஒரு மரத்தின் பெயர். மரம் அருகிவிட்டது; பெயர் ஊருக்கு நிலைத்துவிட்டது. சுவா சூ காங், இயோ சூ காங், லிம் சூ காங் என்னும் பெயர்களும் மறைந்த காட்டின் வரலாற்றைச் சுமப்பவையே. சுவா, இயோ, லிம் என்பன சீனக் குடிப்பெயர்கள். ‘காங்’ என்பது ஆற்றங்கரைத் தோட்டக் குடியிருப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்குடியிருப்புகளில் மிளகும் காம்பியரும் பயிராயின.

காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு மிகுதியாக வேண்டும். பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண்ணும் வளமிழந்துவிடும். ஆதலால் தோட்டம் இடம்பெயருந்தோறும் காடு அழிந்தது. புலியின் எதிரே நிராயுதபாணியாக நின்றவர் கூலித் தொழிலாளி. 1854இல் இங்கு வந்த இயற்கையறிஞர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், சராசரியாக நாளொன்றுக்கு ஒரு சீனர் புலிக்கு இரையாவதாக எழுதினார். புலிகளைப் பிடிக்க வெட்டிய குழிகளைப் பற்றியும் அவர் கூறுகிறார். முன்பு குழியின் அடியில் கூர்முளை நட்டிருந்தனர். வழிப்போக்கர் ஒருவர் அதில் வீழ்ந்து மாண்டபின் அவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது.

அரசு புலிகளைக் கொல்வோர்க்குப் பரிசுத்தொகை அறிவித்தது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளுள் சிலரைத் துப்பாக்கியுடன் காட்டுக்குள் அனுப்பியது. 1899இல் வெளிவந்த மக்னேரின் நூல் இதனைப் பதிவுசெய்துள்ளது. உயிரச்சத்தில் வாழ்ந்த தொழிலாளியையோ ஏவலுக்குச் சென்ற கைதியையோ நாம் குற்றஞ்சாட்டுதல் முறையன்று.

1902இல் காட்சிக்கூடம் ஒன்றிலிருந்து தப்பிய புலி, ராஃபிள்ஸ் விடுதியின் பில்லியர்ட்ஸ் கூடத்திற்கு அடியில் பதுங்கியது. ராஃபிள்ஸ் கல்விநிலையத் தலைமையாசிரியர் பிலிப்ஸ் அதனைச் சுட்டுக்கொன்றார். நகரின் நடுவே அது தேவையாயிருந்திருக்கலாம். ஆயினும் கூண்டிலிருந்து தப்பி ஒளிந்த விலங்கின் சாவு, வேட்டை வீரக்கதையாகவே இன்றும் சொல்லப்படுகிறது. தேவை விளையாட்டாக உருமாறும் இடம் இதுவே. காப்பதற்காகக் கொல்வது வேறு. கொன்றதைக் கொண்டாடுவதற்காகக் கொல்வது வேறு.

இவ்வகையில் நம் மரபையும் நாம் ஆராய வேண்டும். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை வீழ்த்திய வல்வில் ஓரியைப் புறநானூறு போற்றுகிறது. திருக்குறளோ கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தது. இரண்டும் நம்முடையவை. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டித் தமிழர் என்றுமே உயிரிரக்கம் உடையவர் என்றோ, வேட்டை எம் குலப்பெருமை என்றோ பேசுவது பாதி உண்மையாகும்.

தீவின் கடைசிக் காட்டுப்புலி எனக் கருதப்படுவது 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. புலியின் காட்டை அழித்த தோட்டத்தின் பெயரைத் தாங்கிய ஊரிலேயே அதன் வரலாறும் முடிந்தது. 1965இல் இயற்றப்பெற்ற காட்டு விலங்குகள், பறவைகள் சட்டம் 2020 முதல் வனவிலங்குச் சட்டமாக விளங்குகிறது. அனுமதியின்றி வனவிலங்கைக் கொல்வது இன்று குற்றம். அச்சட்டம் காப்பதற்குப் புலிதான் இங்கில்லை.

இவ்வூர்ப்பெயர்களை நம் பிள்ளைகளுக்கு விளக்கும்போது, சுட்டவரின் பெயரோடு நிறுத்திவிடலாகாது. தோட்டத்தில் மாண்ட தொழிலாளியையும், காடிழந்த புலியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.