அருட்குன்றின் முதிய கொடிகள்

ரப்பர் மரத்திற்கு இருபத்தைந்து முப்பது ஆண்டுகளே வாழ்வு. பால் குறைந்ததும் அது மறுநடவுக் கணக்கில் ஏறிவிடும். கிராணி வேலையிற் பழகிய நமக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயின், விளைச்சல் குன்றியது தெரிந்தும், ஒன்றரை நூற்றாண்டு கடந்த திராட்சைக் கொடிகளைக் கண்போற் காத்துவரும் குடும்பமொன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் உண்டு. அதன் வரலாறு நாம் அறியத்தக்கது.

பிரஷ்ய மன்னன் மூன்றாம் பிரடெரிக் வில்லியம், லூத்தரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் ஒன்றாக்கி, வழிபாட்டு முறையும் ஒன்றே என ஆணையிட்டான். மனச்சாட்சிக்கு மாறாக வணங்க மறுத்த குடியானவர் பலர், 1838 முதல் கப்பலேறித் தெற்கு ஆஸ்திரேலியா சேர்ந்து பரோசாப் பகுதியிற் குடியமர்ந்தனர். யோகான் கிறிஸ்டியான் ஹென்ஷ்கி 1841இல் சைலீசியாவிலிருந்து வந்தார். கெயின்டன் என்னுமிடத்தில் நிலம் வாங்கி, 1868இல் மதுத்தொழிலைத் தொடங்கினார். அவ்வட்டாரத்தில் க்னாடென்பர்க் தேவாலயத்தின் எதிரே, ஸ்டானிட்ஸ்கி என்னும் மற்றொரு குடியானவர் 1860ஐ ஒட்டி நட்ட கொடிகளும் பின்னாளில் இக்குடும்பத்தின் கைக்கு வந்தன. தேவாலயத்தின் ஜெர்மன் பெயரே ஆங்கிலத்தில் ‘ஹில் ஆப் கிரேஸ்’, அதாவது அருட்குன்று, எனத் தோட்டத்திற்கு ஆயிற்று. (பெயர்தான் குன்று; இடமென்னவோ பள்ளத்தாக்கு!)

இக்கொடிகள் பிழைத்ததற்குக் குடும்பத்தாரின் பற்று மட்டும் காரணமன்று. 1860களில் பிரான்சிற் பரவத் தொடங்கிய பிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி, ஐரோப்பியத் தோட்டங்களைப் பாழாக்கிற்று. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டியே அங்குப் பயிரை மீட்க நேர்ந்தது. 1877இல் அப்பூச்சி விக்டோரியாவிலும் காணப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவோ 1899இல் சட்டமியற்றித் தன் எல்லையைக் காத்துக்கொண்டது. ஆகவே அருட்குன்றின் முதிய கொடிகள் இன்றும் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

முதிய கொடி ஆழ வேரோடி, நீர் பாய்ச்சாமலே வாழும். பழம் குறைவு, அதுவும் சிறிது. ஆனால் சிறுத்த பழத்தில் சாற்றை நோக்கத் தோல் மிகுதி. செந்திராட்சை மதுவிற்குத் தோலே உயிர். கருந்திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. சிவப்பும் துவர்ப்பும் தோலிலிருந்தே இறங்குகின்றன. அதனால் நசுக்கிய பழத்தைத் தோலுடனேயே புளிக்கவிடுகின்றனர். அப்போது எழும் வாயு தோலனைத்தையும் மேலே தள்ளிவிடும். ஹென்ஷ்கி குடும்பத்தார் மேல் திறந்த தொட்டியின் குறுக்கே மரப்பலகைகளைப் பொருத்தி, தோலைச் சாற்றினுள் அமிழ்த்தி வைக்கின்றனர். பின்னர்ப் பிழிந்தெடுத்து, ஓக் மரப் பீப்பாய்களில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் முதிரவிடுகின்றனர். மது அருந்துதல் நன்றோ தீதோ என்னும் வழக்கு வேறு. அதை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்திரேலியர் பெரும்பாலும் சாராயம் கலந்த இனிப்பு மதுவையே விரும்பிய காலத்தில், நான்காந் தலைமுறையினரான சிரில் ஹென்ஷ்கி, அருட்குன்றின் ஷிராஸ் பழத்தைப் பிறவற்றுடன் கலவாமல் 1958இல் தனி மதுவாக்கினார். சந்தை கேட்டதையன்றித் தம் நிலம் தந்ததையே அவர் நம்பினார்.

1980களில் சோதனை வேறு உருவில் வந்தது. திராட்சை தேவைக்கு மிஞ்சியதால், கொடிகளை வேரோடு பிடுங்குவோர்க்கு அரசாங்கமே பணம் கொடுத்தது! பரோசாவில் எத்தனையோ பழைய ஷிராஸ் கொடிகள் அவ்வாறு மாண்டன. அவ்வாண்டின் வரவுசெலவை மட்டும் பார்த்தால் அரசாங்கத்தைக் குறைகூற இயலாது. ஆனால் நூறாண்டுக் கொடியைத் திரும்பப் பெற நூறாண்டு வேண்டும் என்பதைக் குறிக்க அந்தக் கணக்கேட்டிற் பத்தியில்லை. பின்னர் 2009இல் பரோசாவினர் பழங்கொடிகளை வயதுவாரியாக வகுத்து, 125 ஆண்டு கடந்தவற்றிற்கு ‘மூதாதையர்’ என்று பெயரிட்டனர். பிடுங்கிய கைகளே பெயரும் சூட்டின போலும்.

1979இல் சிரில் மறைந்தபின் அவர் மகன் ஸ்டீபனும் மருமகள் புரூவும் பொறுப்பேற்றனர். புரூ அம்மையார் முதிய கொடிகளுள் சிறந்தவற்றைத் தேர்ந்து, அவற்றின் துண்டங்களிலிருந்தே புதுக்கன்றுகளை வளர்த்தெடுத்தார். 2000ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் பழம் தரத்திற்கு எட்டவில்லை. அவ்விரண்டு ஆண்டுகளிலும் அருட்குன்று என்னும் பெயரில் மது வெளிவரவேயில்லை.