48, 59, 762: ஒரு ரஞ்சிக் கணக்கு

1996-ல மரக்காணம் உப்பளத்து வரப்பில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தேன். சேப்பாக்கத்தில் ரஞ்சி இறுதிப்போட்டி. முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கர்நாடகா கோப்பையைத் தட்டிட்டுப் போச்சு.

இந்தக் கணக்கு 1934 நவம்பர் 4-ல் அதே சேப்பாக்கத்தில் தொடங்குது. ரஞ்சியின் முதல் ஆட்டம். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். எதிரணி மைசூர், அதாவது இன்றைய கர்நாடகா. 48-க்கும் 59-க்கும் சுருண்டது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். 130 ரன் மட்டுமே அடித்த சென்னை, ஒரே நாளில் இன்னிங்ஸ் வெற்றி பெற்றது.

அதுக்கப்புறம்? நாம் ஜெயிச்சது ரெண்டே தடவை: 1954-55ல் ஹோல்கரை, 1987-88ல் ரயில்வேயை. மைசூரோ, கர்நாடகா என்று பெயர் மாறிய 1973-74 சீசனிலேயே முதல் கோப்பையைத் தூக்கி, பம்பாயின் 15 வருடத் தொடர் வெற்றியை முடித்து வைத்தது. இதுவரை 8 கோப்பை. 2014-15 இறுதியில் நம்மை 134-க்குச் சுருட்டிவிட்டு 762 அடித்தார்கள்; கருண் நாயர் மட்டும் 328!

2002-03, 2003-04 இறுதிகளில் மும்பையிடம் தோல்வி, 2011-12ல் ராஜஸ்தானிடம். ஆக, நம்ம அணி மோசமில்லை. இறுதிவரை வரத் தெரியும், முடிக்கத்தான் தெரியலை.

அப்புறம் ஏன் விடாம பாக்குறேன்னு வீட்ல கேக்குறாங்க. எங்க ஊர்ல மழையில உப்பு கரைஞ்சா, யாரும் பாத்தியை விட்டுட்டுப் போறதில்லை. திரும்ப மிதிச்சுக் கெட்டிப்படுத்தி, தண்ணி பாய்ச்சுவாங்க.