வண்ண உருண்டையும் மூன்று விரல் உப்பும்

பால்டிமோரில் ஒரு வகுப்பறை. காலம் 1920களின் பிற்பகுதி. நீண்ட தொட்டியொன்றில் வண்ண உருண்டைகளைக் கலந்து வரிசையாக நிற்கும்படி உருட்டிவிடுகிறார்கள். நோய் தொற்றக்கூடியவருக்கு ஒரு நிறம், நோயாளிக்கு ஒரு நிறம், எதிர்ப்பாற்றல் பெற்றவருக்கு ஒரு நிறம். எந்த உருண்டைக்குப் பக்கத்தில் எது வந்து நிற்கிறது என்று எண்ணி, நிறத்தை மாற்றி, மறுபடி உருட்டுகிறார்கள். ஒரு கொள்ளைநோய் ஏறுவதும் இறங்குவதும் மாணவரின் கைக்கு அடியிலேயே நடக்கின்றன. ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட், லோவல் ரீட் என்ற இரு பேராசிரியர்கள் வகுத்த கணித மாதிரி அது.

வங்கதேசத்துச் சிற்றூரில் ஒரு வீட்டு முற்றம், காலம் 1980கள். பிராக் தொண்டு நிறுவனத்தின் பணிப்பெண் ஒருவர் தாயொருத்திக்குப் பாடம் நடத்துகிறார். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர். வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய கரைசல் இவ்வளவுதான். பணிப்பெண் செய்துகாட்டுவதோடு பாடம் முடியாது. தாய் தன் கையால் கலந்துகாட்ட வேண்டும்.

உருண்டை கணிதத்தைக் கைக்குக் கொண்டுவந்தது. சிட்டிகை உடலியங்கியலைக் கைக்குக் கொண்டுவந்தது. முதலாவதை வகுப்பில் உருட்டிய நிறுவனம் 1916இல் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளி. இரண்டாவதன் அனுபவத்தை அடியுரமாகக் கொண்டு எழுந்தது, 2004இல் டாக்காவில் நிறுவப்பட்ட ஜேம்ஸ் பி. கிராண்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி. இரண்டும் தரும் பட்டம் ஒன்றே: பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம். இரண்டிலும் முழுநேரப் படிப்பு ஏறத்தாழ ஓராண்டு. இடையில் 88 ஆண்டு இடைவெளி இருப்பதால் மூத்ததை ஆசானாகவும் இளையதை மாணவராகவும் வைத்து ஒப்பீட்டை முடித்துவிடலாம் என்று தோன்றும். அருகருகே வைத்துப் பார்த்தால் அப்படி முடிவதில்லை.

பால்டிமோர் பள்ளி ஒரு கருத்து வேறுபாட்டில் பிறந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காக 1915இல் திட்ட அறிக்கை எழுதிய இருவரில் விக்லிஃப் ரோஸ் என்பவர் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பை நடத்தியவர். களத்தில் இறங்கி வேலை செய்யும் சுகாதார அலுவலர்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. மற்றவரான வில்லியம் வெல்ச் நோயியல் அறிஞர். ஜெர்மானிய மாதிரியில் ஆய்வுக்கூடங்கள் நிறைந்த நிறுவனம் வேண்டும் என்றார். இறுதி அறிக்கையில் வெல்ச்சின் கை ஓங்கியது. பள்ளியின் முதல் தலைவரும் அவரே. 1918 அக்டோபரில், இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் நகரத்தையே முடக்கிக்கொண்டிருந்தபோது, வகுப்புகள் தொடங்கின.

டாக்காவின் முன்கதையும் பேரழிவிலிருந்தே தொடங்குகிறது. 1970ஆம் ஆண்டுப் புயலும் 1971ஆம் ஆண்டுப் போரும் குலைத்துப்போட்ட நாட்டில், 1972இல் ஃபசலே ஹசன் ஆபெத் பிராக்கைத் தொடங்கினார். இங்கே களத்துக்குக் குறைவில்லை. 1980 முதல் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1.2 கோடி வீடுகளின் முற்றங்களில் உப்பு வெல்லப் பாடம் நடந்தது. குறை வேறிடத்தில் இருந்தது. பாடம் கேட்ட தாய்மார்களில் மிகச் சிலரே கரைசலைப் பயன்படுத்தினார்கள். ஏன் என்று விசாரித்தபோது, கற்றுக்கொடுத்த பணிப்பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரியவந்தது. ஒரு பிடி வெல்லம் எப்படி உயிரைக் காக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை. அதன்பின் அவர்களை டாக்காவுக்கு வரவழைத்து, குடல் எப்படி உப்பையும் நீரையும் உறிஞ்சுகிறது என்று பாடம் நடத்தினார்கள்.

ஆக, இரண்டு இடங்களும் எதிரெதிர்க் குறையோடு தொடங்கின. குறை தீர எதிரெதிர்த் திசையில் நடந்தன. ஆய்வுக்கூடத்தில் பிறந்த பால்டிமோர், களத்தைத் தேடி வெளியே வந்தது. 1932இல் நகரச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து, பள்ளியை அடுத்த கிழக்குப் பகுதியையே பயிற்சிக் களமாக்கிக்கொண்டது. 1961இல் அங்கே பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய கார்ல் டெய்லர், பள்ளி நிறுவப்பட்ட அதே 1916இல், நம் இமயமலையடிவார முசோரியில் பிறந்தவர். பஞ்சாபின் நரங்வால் கிராமத்தில் அவர் நடத்திய ஆய்வு, எளிய பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களால் குழந்தை இறப்பைக் குறைக்க முடியும் என்று காட்டியது. வெல்ச் ஒதுக்கிவைத்த ரோஸின் கனவு, அரை நூற்றாண்டு கழித்துப் பஞ்சாப் வயல்வெளியில் மெய்ப்பட்டது எனலாம்.

களத்தில் பிறந்த பிராக்கோ அளவீட்டைத் தேடி உள்ளே வந்தது. பணிப்பெண் போன சில வாரங்களுக்குப் பின் கண்காணிப்பாளர் ஒருவர் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துப் போவார். தாய்க்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்பார். கலந்து காட்டச் சொல்வார். கலவையின் உப்பளவும் சோதனைக்குப் போகும். பணிப்பெண்ணின் ஊதியம் தாயின் நினைவாற்றலைப் பொறுத்தது. மாணவி தேறினால்தான் ஆசிரியைக்குச் சம்பளம் என்ற இந்த ஏற்பாட்டை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்குமா என்பது ஐயமே. ஆனால் மாதிரியெடுப்பு, அளவீடு, மறுபரிசீலனை எனத் தொற்றுநோயியல் வகுப்பு கற்பிக்கும் அத்தனையும் அதில் இருந்தன.

வேறுபாடுகளும் மெய்யானவை. பால்டிமோர் மாணவர் உலகின் எந்த நாட்டுத் தரவையும் கையாளக் கற்கிறார். அந்தத் தரவுக்குப் பின்னாலுள்ள தெருவைப் பார்க்காமலே பட்டம் பெற்றுவிடவும் கூடும். டாக்கா மாணவர் சாவாரின் கிராமங்களிலோ கொரய்ல் குடிசைப் பகுதியிலோ வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்கக் கற்கிறார். ஆனால் தாய் நிறுவனமான பிராக் நடத்தும் திட்டத்தை அதன் மடியில் இருந்துகொண்டே எடைபோடும் சங்கடம் அங்கே உண்டு. தொலைவு முன்னவரின் சுதந்திரம், குறையும் அதுவே. நெருக்கம் பின்னவரின் வலிமை, சோதனையும் அதுவே. முதல் தலைவராக பால்டிமோருக்கு நோயியல் அறிஞர் வாய்த்ததும், பிற்காலத்தில் டாக்காவுக்கு மருத்துவ மானுடவியல் அறிஞரான சபீனா ரஷீத் வாய்த்ததும் இந்த வேறுபாட்டுக்குப் பொருத்தமானவையே.

எதிர்பாராத உறவு இனிமேல்தான் வருகிறது. முற்றத்துச் சிட்டிகை எங்கிருந்து வந்தது? 1968இல் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க மருத்துவர்கள் வாய்வழிக் கரைசலைச் சோதித்து வெற்றி கண்டார்கள். 1971இல் பங்காவ் அகதி முகாமில் ஊசிவழி திரவம் தீர்ந்துபோனபோது திலீப் மகாலனபிஸ் அத்தகைய கரைசலைத் தொட்டிகளில் கலந்து கொடுத்தார். காலரா இறப்பு 30 சதவீத அளவிலிருந்து 3.6 சதவீதமாக இறங்கியது. அவர் வேலை பார்த்தது ஹாப்கின்ஸின் கல்கத்தா ஆய்வு மையத்தில். அந்த அனுபவத்தை 1973இல் வெளியிட்டது ஹாப்கின்ஸ் மருத்துவ இதழ். கேஷோ பிற்காலத்தில் கிராண்ட் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். டாக்காவின் நாட்டு வைத்தியம் போலத் தோன்றிய உப்பு வெல்லத்தில் பால்டிமோரின் கையும் இருந்தது; பால்டிமோரின் பெருமையில் வங்கத்துக் காலராவின் பங்கும் இருந்தது.

டாக்கா பள்ளியின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் கிராண்ட் 1980 முதல் 1995 வரை யுனிசெஃப் தலைவர். சட்டைப் பையில் வாய்வழிக் கரைசல் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அதிபர்களிடம் எடுத்து நீட்டியவர். அவருடைய தந்தை ஜான் கிராண்ட், வெல்ச்சின் பள்ளியில் தொடக்க ஆண்டுகளில் படித்த மருத்துவர். பெய்ஜிங்கில் 1925இல் மருத்துவ மாணவர்களுக்கென ஒரு நகரப் பகுதியைச் சுகாதார நிலையமாக்கியவர். 1939 முதல் கல்கத்தாவின் அகில இந்தியச் சுகாதார நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர்; நம் லட்சுமணசாமி முதலியாரோடு சேர்ந்து, ஜோசப் போர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழுவிலும் அமர்ந்தவர்.

நம் ஊரில் இந்தப் படிப்பைத் தொடங்க நினைப்பவர்கள் ஆய்வுக்கூடமா களமா என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். இரு பள்ளிகளின் வரலாறும் சேர்ந்து சொல்லும் தீர்ப்பு இதுதான்: எங்கிருந்து தொடங்கினாலும் தவறில்லை, எதிர்ப்பக்கம் நடந்துபோக மறுத்தால்தான் தவறு. உருண்டையை எண்ணத் தெரிந்தவர் முற்றத்தில் உட்கார வேண்டும். சிட்டிகை அளக்கத் தெரிந்தவர் அது ஏன் பலிக்கிறது என்று அறிய வேண்டும்.

1970இல் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்துக்கு இளம் மருத்துவராக வந்து, அந்தப் பெரும்புயலின் சேதத்தைக் கணக்கெடுத்தவர் ஆல்ஃப்ரெட் சோமர். 1990இல் அவர் பால்டிமோர் பள்ளியின் தலைவரானார். 2005இல் பதவியிலிருந்து இறங்கினார். அதே 2005இல்தான் டாக்கா பள்ளியின் முதல் வகுப்பு மாணவர்கள் படிக்க உட்கார்ந்தார்கள்.