தலைப்புகள் பலித்திருந்தால்

பத்திரிகையைப் பிரித்தவுடன் நம் கண் தலைப்பின்மீது விழுகிறது. பலர் அத்துடன் நின்றுவிடுவதும் உண்டு. நாலைந்து சொற்களுக்குள் உலகத்தை அடக்கவேண்டிய நிர்ப்பந்தத்தில், தலைப்பு சில வேளை நடப்பதற்கு முன்பே நடந்ததாகச் சொல்லிவிடுகிறது. 1948 நவம்பர் 3-ஆம் நாள், டியூவி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று சிக்காகோ டிரிப்யூன் கொட்டை எழுத்தில் அச்சிட்டது. வென்றவரோ ட்ரூமன்! தலைப்பும் தேர்தலும் ஒருங்கே பலித்திருந்தால், வெள்ளை மாளிகைச் சமையற்காரர் காலைக் காப்பியை எந்த அறைக்குக் கொண்டுபோவது என்று திகைத்திருப்பார்.

அமெரிக்கா வரை போவானேன்? இந்த விளையாட்டுக்கு வேண்டிய சரக்கு கோலார் தங்கவயலிலேயே கிடைக்கும். அங்கே பாலகாட் என்றொரு சுரங்கம் இருந்தது. மலைத்தொடருக்கு மேலுள்ள நாடு பாலகாட், கீழுள்ளது பாயன்காட் என்பது பழைய ஆட்சிமொழி வழக்கு. 17-ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் அரசு கோலார், பெங்களூர் உள்ளிட்ட நிலப்பகுதியைக் கர்நாடக பாலகாட் என்று வழங்கியது. சிவாஜியின் தந்தை ஷாஜி அதனை ஜாகீராகப் பெற்றவர். ஆர்க்காட்டுச் சீமை பாயன்காட்டில் அடங்கும். ஆகவே, வட ஆர்க்காட்டிலிருந்து மூட்டை முடிச்சுடன் புறப்பட்ட நம் மக்கள் கீழ்நாட்டை விட்டு மேல்நாட்டுக்கு ஏறினார்கள். ஏறிய இடத்தில், மறுபடியும் பூமிக்குக் கீழே இறங்கினார்கள்.

இதே பெயரில் மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஊர் உண்டு, மாங்கனீசுக்குப் பேர்போனது. ஒலியில் நெருங்கிய பாலக்காடோ கேரளத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றவர்களுக்கு இஃது ஓயாத கண்டம். 'பாலகாட்டில் பொன்' என்ற ஆங்கிலத் தலைப்பை எவரேனும் ஓரெழுத்துப் பிசகித் தமிழாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடப்பாறையும் கூடையுமாக ஒரு கூட்டம் பாலக்காட்டு ரயிலடியில் இறங்கியிருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே விரிந்த நெல்வயலைச் சுட்டிக்காட்டி, "பொன்னிறத்தில் இங்கே விளைவது இதுதான், ஐயா" என்று சொல்லியிருப்பார்.

1902 ஜூன் இறுதியில் சிவசமுத்திரத்து மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலை அடைந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-இல்தான். 'காவிரி தங்கவயல் வந்தாள்' என்று அன்றைக்கு ஒரு பத்திரிகை எழுதியதாக வைத்துக்கொள்வோம். சுரங்க லைன்களின் பெண்கள் விடியுமுன்னே குடத்துடன் கம்பத்தடியில் வரிசை நின்றிருப்பார்கள். குடத்தை யார் முதலில் வைத்தது என்ற வழக்கு நண்பகல் வரை நடந்திருக்கும். வந்த காவிரி இயந்திரங்களுக்கே வந்தாள். தட்டிக் குடிசைகளில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் நெடுங்காலம் எரிந்தது.

சுரங்கத்தின் ஆழத்தைத் தேடி விஞ்ஞானிகளும் வந்தனர். 1965-இல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் அடையாளம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கண்டறியப்பட்டது. 1980-களில், அழிவற்றது என்று கருதப்பட்ட புரோட்டானும் சிதையுமா என்று டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானியரும் அங்கே சோதித்தனர். சிதைவு போலத் தோன்றிய சில நிகழ்ச்சிகளை அவர்கள் வெளியிட்டனர்; பிற்காலத்துப் பெரிய ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. உறுதியாகியிருந்தால், தங்கத் திருட்டு வழக்குகளில் வக்கீல்கள் பாடு கொண்டாட்டம்! "கனம் நீதிபதி அவர்களே, பொன் குறைந்தது உண்மை. என் கட்சிக்காரர் எடுக்கவில்லை, புரோட்டான் சிதைந்துவிட்டது."

இனிச் சொல்லவேண்டிய தலைப்பு ஒன்று உண்டு. அதை எண்ணிச் சிரிப்பது கடினம். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைக்கும் பம்புகளும் நின்றன. சுரங்கங்களில் நீர் நிறைந்தது. அன்றுமுதல் 'தங்கவயல் மீண்டும் திறக்கப்படும்' என்ற செய்தி, மாரியம்மன் திருவிழாப்போல் தவறாமல் வருகிறது. 2006-இல் மத்திய அரசின் முடிவு. 2013-இல் உலகளாவிய டெண்டருக்கு உச்ச நீதிமன்றத்தின் இசைவு. தலைப்புக்கு ஒரு குழி வீதம் தோண்டியிருந்தால் ஊர் இடியாப்பத் தட்டு ஆகியிருக்கும். விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு நெருக்கியடித்துக்கொண்டு செல்லும் ரயில்கள் காலியாகப் போயிருக்கும். பெங்களூர்க்காரர்கள் சிபாரிசுக் கடிதத்துடன் எதிர்த்திசையில் வந்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் காலைப் பத்திரிகையைப் பார்த்துச் சீரை உயர்த்தி, மாலைப் பத்திரிகையைப் பார்த்துக் குறைத்திருப்பார்கள்.

பம்பாயிலும் தில்லியிலும் வாழும் தங்கவயல்காரர்களுக்கு இச்செய்தி ஊரிலிருந்து தொலைபேசியில் வந்து சேருகிறது. "திறக்கப்போறாங்களாம்" என்பார் தந்தை. மகன் "சரிப்பா" என்பான். அடுத்த கேள்வி மருந்துச் செலவைப் பற்றியதாக இருக்கும். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றபோதே பாலகாட் தனிச் சுரங்கமாக இல்லை. இடத்துக்குப் பெயர் மட்டும் நிலைத்தது. 2024-இல் பழைய கழிவு மண்மேடுகளிலிருந்து பொன் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை இசைந்ததாகச் செய்தி வந்தது. அந்த மண்ணைச் சலிக்க எத்தனை ஆட்கள் தேவைப்படுவர் என்பதைத் தலைப்பு சொல்லவில்லை.