அளவு மீறிய அதிமதுரம்

தொண்டை கம்மிய பாடகர் வாயில் ஒதுக்கிக்கொள்ளும் அதிமதுர வேரை அறியாத தமிழர் அரிது. எனினும் அதை மிகுதியாக உண்டால் சரீரத்தில் விளையும் கேடு ஐயமறத் தெரியவந்தது ஹாலந்து தேசத்திலேதான்.

கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், வறட்டு இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் உகந்த ஔஷதமென்று இவ்வேரைக் குறித்து வைத்தார். இங்கிலாந்தின் பான்டிபிராக்ட் நகரில், 1760-இல் ஜார்ஜ் டன்ஹில் என்ற மருந்து வியாபாரி அதன் சாற்றில் சர்க்கரை கலந்து வில்லைகளாக்கவே, மருந்தாயிருந்தது தின்பண்டமாயிற்று. ஹாலந்திலோ அந்தக் கரிய மிட்டாய் வீடுதோறும் புழங்குவது.

அந்நாட்டு மருத்துவர் ரெவர்ஸ், வேரைக் காய்ச்சி வற்றவைத்த கருஞ்சாற்றினால் வயிற்றுப் புண் ஆறுவதைக் கண்டு தம் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துவந்தார். புண்கள் ஆறின, ஆனால் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கி, விரலால் அழுத்திய இடம் குழிந்தே நிற்க, தலைவலியும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வருத்தின. கைகூடிய சிகிச்சையின் பெருமையை மட்டும் பேசிவிட்டு இவ்விபரீதத்தை மறைக்க மனமின்றி, இரண்டையும் சேர்த்தே 1946-இல் அவர் வெளியிட்டதை நான் மருத்துவ உலகின் உயர்ந்த காரியங்களில் ஒன்றாகவே கருதுகிறேன்.

காரணம் முழுதும் துலங்க மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன. சர்க்கரையைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு இனிக்கும் கிளிசிரைசின் என்னும் சத்து, சிறுநீரகத்தில் கார்டிசால் என்னும் சுரப்புநீரின் வினையை அடக்கிவைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறதென்று 1987-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். அடங்காத அச்சுரப்புநீரின் தூண்டுதலால் உப்பும் நீரும் உடலிலேயே தங்க, பொட்டாசியம் சிறுநீரோடு கழிந்துபோக, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் தளர்கின்றன, இதயத்தின் துடிப்பும் நிலை குலையக்கூடும்.

ஆயினும், உப்பைத் தேக்கும் இக்குணமே வேறொரு வியாதியஸ்தருக்கு உதவிற்று. அட்ரீனல் சுரப்பி நலிந்து உப்பை இழந்து சோரும் அடிசன் நோயாளிகளுக்கு, ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் போர்ஸ்டும் அவர் சகாக்களும் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே சாற்றைக் கொடுத்துப் பயன் கண்டார்கள்.

நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினுக்கு மேற்படலாகாதென்பது ஐரோப்பிய நிபுணர் குழு 2003-இல் மீண்டும் உறுதிசெய்த வரம்பு. இச்சத்து மிகுந்த மிட்டாய்களை இரத்த அழுத்தமுள்ளோர் அதிகம் உண்ணலாகாதென்ற எச்சரிக்கையைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டுமென்று அடுத்த ஆண்டே அங்கு விதித்தார்கள். அதிமதுரக் கஷாயத்தை நாள் தவறாமல் மாதக்கணக்கில் அருந்தும் நம்மவரும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவராயின், அதைத் தம் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.