மனேச்சரின் கையும் மந்திரியின் கையும்

1960இல் பாடசாலைகளை அரசு சுவீகரித்தது தமிழருக்கு நேர்ந்த பெருங்கேடு என்று புலம்பெயர்ந்தோர் மேடைகளில் அடிக்கடி கேட்கிறேன். இதில் பாதிதான் சரி.

அதற்கு முன்னர் உதவி பெறும் பாடசாலைகளில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம். ஆளை நியமித்தவரோ மனேச்சர். அவர் பாதிரியாராகவோ சைவச் சபைப் பிரமுகராகவோ இருப்பார். எந்தச் சமயம், எந்தக் குறிச்சி, எந்தச் சாதி என்பது சான்றிதழுக்கு முன்னரே பார்க்கப்படும். பயிற்றப்பட்டவராயினும் ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியருக்கு யாழ்ப்பாணத்தில் இடம் கிடைப்பது அரிது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை அரசாங்கப் பாடசாலைகளைக் கேட்டது சும்மா அல்ல. பொற்காலம் பேசுவோர் இவர்களிடம் விசாரித்ததுண்டா?

கேரளத்திலும் இதே பிணக்குத்தான். 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அரசு கொண்டுவந்த கல்வி மசோதா, பப்ளிக் சேர்விஸ் கமிஷன் தெரிவு செய்வோரையே நியமிக்கவேண்டும் என்றது. அப்பிரிவு செல்லும் என 1958இல் இந்திய உச்சநீதிமன்றம் கருத்துரைத்தது. ஆனால் விமோசன சமரம் மூண்டு, 1959 யூலை 31இல் அரசே கலைக்கப்பட்டது. இன்றும் அங்கே உதவி பெறும் பள்ளிகளில் நியமிப்பவர் மனேச்சர், சம்பளம் கொடுப்பது அரசு.

இனி மற்றப் பாதி. இலங்கையின் 1960ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணமின்றித் தாக்குப்பிடிக்கத் துணிந்த பெரிய பாடசாலைகள் உதவியை விட்டு விலகி நிற்க இடமளித்தது. மருதானை ஸாஹிறாக் கல்லூரி அப்படி நின்றது. 1961இல் ஆசிரியர் சம்பளம் உரிய நாளில் கொடுபடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு கல்வி மந்திரி பதியுதீன் மஹ்மூத் (இவரே ஒருகாலத்தில் கம்பளை ஸாஹிறாவின் அதிபர்!) சுவீகரிப்பு உத்தரவு போட்டார். பள்ளிவாசல் பொறுப்பாளரின் மனுவை இலங்கை உயர்நீதிமன்றம் தள்ளியது. 1966இல் லண்டனில் கோமறைக் கழகம் உத்தரவை இரத்துச் செய்தது. சட்டத்தின் வினைச்சொல் நிகழ்காலத்தில் இருந்தது: பாடசாலை சட்டத்தை மீறி நடத்தப்பட்டு வரவேண்டும். நடந்து முடிந்த ஒரு பிசகு அதற்குப் போதாது. ஆசிரியரின் சம்பளத்துக்காக எழுதப்பட்ட விதி, கல்லூரியைப் பிடுங்கும் கருவியாயிற்று. சுவீகரிப்பின் பின் மனேச்சரின் வாசலில் நின்றவர்கள் எம்.பி.யின் வாசலுக்கு மாறினார்கள், அவ்வளவுதான்.

நான் வாழும் இங்கிலாந்தில் உதவி பெறும் மதப் பாடசாலைகளில் ஆளுநர் சபையே ஆசிரியரை நியமிக்கிறது. மதம் பார்க்க 1998ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. இனம் பார்த்தால் வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம்மவர் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் ஊரும் இயக்கமும் பார்த்து ஆள் எடுப்பதை எங்கே முறையிடுவது? விளம்பரம், நேர்முகம், எழுத்தில் காரணம் ஆகிய மூன்றையும் நிர்வாகசபைகள் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே யாப்பில் சேர்க்கவேண்டும். மறுப்பவர்கள் இந்தப் பக்கங்களிலேயே எழுதட்டும்.